‘டு’ காட்டும் திசை

ஆங்கிலத்தில் ‘ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’ என்றால், ஒருவர் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார் என்று பொருள்; ‘ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’ என்றால், அவர் தேநீர் குடிப்பதையே விட்டுவிட்டார் என்று பொருள். இரண்டு வாக்கியங்களிலும் வினைச்சொற்கள் அவையே, தேநீரும் அதுவே. பின்னால் வரும் வினை எந்த வடிவத்தில் முன்வினையை ஒட்டி நிற்கிறது என்ற ஒன்று மட்டும் மாற, ஒருவர் தேநீர்க் கடைக்குள் நுழைகிறார், மற்றவர் கடைப் பக்கமே போகாதவராகிறார். ஆங்கிலம் கற்கும் தமிழர்களைப் பள்ளிக் காலம் தொட்டு அலைக்கழிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. எந்த வினைக்குப் பின் ‘டு’ வரும், எதற்குப் பின் ‘இங்’ வரும், எதற்குப் பின் இரண்டுமின்றி வெறும் வினை வரும் என்பதைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வதே இலக்கண வகுப்புகளின் நெடுநாள் வழக்கம். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது என்பதும், அந்த நியாயத்தின் பெரும்பகுதி தமிழ் பேசுபவரின் நாவில் ஏற்கெனவே குடியிருக்கிறது என்பதும் வகுப்பறையில் சொல்லப்படுவது அரிது.

‘இன்ஃபினிட்டிவ்’ என்பது, யார் செய்தார், எத்தனை பேர் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்ற எந்தக் குறிப்பும் ஏறாமல் செயலை மட்டும் தாங்கி நிற்கும் வினை வடிவம். எல்லை கட்டப்படாதது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ‘டிரிங்க்ஸ்’ என்பதில் படர்க்கை ஒருமையும் ‘டிராங்க்’ என்பதில் இறந்தகாலமும் ஏறியிருக்க, ‘டு டிரிங்க்’ என்பதில் அவை இரண்டும் இல்லை. ‘டு’ சேர்ந்து வந்தால் டு-இன்ஃபினிட்டிவ் என்றும் சேராமல் வந்தால் வெற்று இன்ஃபினிட்டிவ் என்றும் அதை வகைப்படுத்தலாம். ‘டிரிங்கிங்’ போன்ற வடிவம் பெயர்ச்சொல்லுக்குரிய இடத்தில் வரும்போது அதற்கு ‘ஜெரண்ட்’ என்று பெயர். தமிழிலக்கணம் தொழிற்பெயர் என்று அழைக்கும் ‘குடித்தல்’, ‘குடிப்பது’ ஆகியவற்றின் இனம் அது. டு-இன்ஃபினிட்டிவுக்கு நேரான வடிவமும் தமிழில் உண்டு. ‘குடிக்க’, ‘போக’, ‘வர’, ‘பார்க்க’ என்று அகரத்தில் முடியும் இவ்வடிவத்தைத் தொல்காப்பியமும் நன்னூலும் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சமாகக் கொள்கின்றன. செயவெனெச்சம் என்று அதைக் குறிப்பது வழக்கம்.

இந்த ‘டு’ ஆங்கிலத்தில் புகுந்த வரலாறு, அதன் இன்றைய நடத்தையைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘குடிக்க’ என்பதற்கு ‘டிரின்கன்’ என்ற ஒற்றைச் சொல் இருந்தது. இறுதியில் நின்ற ‘அன்’ விகுதியே அதை இன்ஃபினிட்டிவ் என்று அடையாளம் காட்டியது. நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடங்களில் ‘டோ டிரின்கென்னே’ என்ற வேறொரு வடிவம் வழங்கியது. இதில் ‘டோ’ என்பது ‘நோக்கி’ என்று பொருள்படும் இடைச்சொல். அதனை அடுத்து வந்த வினை, பெயர்ச்சொல்லைப் போல வேற்றுமை ஏற்று நின்றது. தமிழில் ‘குடிப்பது’ என்ற தொழிற்பெயரோடு ‘கு’ உருபு சேர்ந்து ‘குடிப்பதற்கு’ என்று ஆவதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு மொழிகளும் ஒரே வேலையை ஒரே முறையில் செய்திருப்பது தெரியும். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் இறுதி ஓசைகள் தேய்ந்துகொண்டே வந்து, ‘அன்’ விகுதி மெலிந்து, கடைசியில் அறவே மறைந்தது. விகுதி தேயத் தேய, முன்பு நோக்கத்தைக் காட்ட மட்டும் வந்த ‘டு’ மற்ற இடங்களுக்கும் பரவியது. ஆகவே ‘கோ டு ஸ்கூல்’ என்பதிலுள்ள ‘டு’வும் ‘வான்ட் டு கோ’ என்பதிலுள்ள ‘டு’வும் பிறப்பால் ஒன்றே. பின்னது பொருளற்ற வெறும் அடையாளம் என்று இலக்கண நூல்கள் சொல்லிவிடுவதுண்டு; ஆனால் அந்தச் சொல் தன் பழைய திசையை இன்னும் முழுமையாக மறந்துவிடவில்லை.

‘டு’ பரவாமல் விட்ட இடங்களுள் முதன்மையானவை ‘கேன்’, ‘மே’, ‘ஷால்’, ‘வில்’, ‘மஸ்ட்’ முதலிய துணைவினைகள். இவை ஒரு காலத்தில் முழு வினைகளாக இருந்தவை. ‘கேன்’ அறிதலையும், ‘வில்’ விரும்புதலையும், ‘ஷால்’ கடன்பட்டிருத்தலையும் குறித்தன. ‘கேன்’, ‘மே’, ‘ஷால்’ ஆகியவற்றின் நிகழ்கால வடிவங்கள் வரலாற்றில் இறந்தகால வடிவங்களாக இருந்து மாறியவை என்பதால்தான், ‘ஹி’, ‘ஷி’ ஆகியவற்றோடு வரும்போதும் அவை ‘ஸ்’ ஏற்பதில்லை. இவ்வகையில் தமிழருக்குப் பெரும் இடர்ப்பாடு இல்லை. எதிர்மறை வரும்போது மட்டும் ஒரு குழி இருக்கிறது. ‘வர வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட் கம்’ என்று கற்றவர், ‘வேண்டும்’ என்பதன் எதிர்மறை ‘வேண்டாம்’ ஆவதைப் போலவே ‘மஸ்ட்’ என்பதன் எதிர்மறையும் அமையும் என்று கருதி, ‘நீங்கள் வரத் தேவையில்லை’ என்று அன்போடு சொல்ல நினைத்த இடத்தில் ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்று சொல்லிவிடுகிறார். கேட்பவர் காதில் அது ‘வரவே கூடாது’ என்ற தடையாக விழுகிறது. அவர் சொல்லியிருக்க வேண்டியது ‘யூ நீடின்ட் கம்’ அல்லது ‘யூ டோன்ட் நீட் டு கம்’. ‘நீட்’ என்ற வினை ‘டு’ ஏற்றும் ஏற்காமலும் இரண்டு வகையிலும் வரக்கூடியது.

எதிர்காலத்தைச் சொல்லும் ‘கோயிங் டு’ என்ற அமைப்பில் இரு மொழிகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. ‘ஐ ஆம் கோயிங் டு ஈட்’ என்பது, சாப்பிடுவதை நோக்கி நடந்துபோவதைக் குறித்த வாக்கியமாகத் தொடங்கி, காலப்போக்கில் நடை மறைந்து, இனிச் சாப்பிடுவதை மட்டும் குறிக்கும் வாக்கியமாயிற்று. இன்றைய பேச்சில் அது ‘கனா’ என்று சுருங்கியும் விட்டது. தமிழில் ‘சாப்பிடப் போகிறேன்’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்பவரும் எங்கும் போவதில்லை. வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு மொழிகள், செல்லுதலைக் குறிக்கும் வினையோடு நோக்கத்தைக் குறிக்கும் எச்சத்தைச் சேர்த்து எதிர்காலத்தைக் கட்டியிருக்கின்றன.

செயவெனெச்சம் காரணம், காரியம், உடனிகழ்ச்சி ஆகிய மூன்று பொருள்களில் வரும் என்பது இலக்கண மரபு. ‘மழை பெய்ய ஏரி நிரம்பியது’ என்றால் பெய்தது காரணம். ‘ஏரி நிரம்ப மழை பெய்தது’ என்றால் நிரம்பியது பெய்ததன் விளைவு. ‘பொழுது சாய அவர் வந்தார்’ என்றால் இரண்டும் ஒருசேர நிகழ்ந்தவை. இம்மூன்றில் இரண்டாவதான காரியப் பொருளே ஆங்கில ‘டு’வுக்கு உரியது, மற்ற இரண்டுக்கும் ஆங்கிலம் வேறு வழி தேட வேண்டும். அதாவது ஆங்கில டு-இன்ஃபினிட்டிவ், முன்வினை நிகழும் இடத்தில் நின்றுகொண்டு, அதற்கு அப்பால் இனி நிகழ வேண்டியதை எட்டிப் பார்க்கிறது. ‘வான்ட்’, ‘ஹோப்’, ‘டிசைட்’, ‘அக்ரீ’, ‘ரெஃப்யூஸ்’, ‘பிராமிஸ்’, ‘பிளான்’ என்று ‘டு’வை வேண்டி நிற்கும் வினைகளை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால், விரும்புதல், நம்பிக்கொண்டிருத்தல், தீர்மானித்தல், ஒப்புக்கொள்ளுதல், மறுத்தல், வாக்களித்தல், திட்டமிடுதல் ஆகிய எல்லாமே இன்னும் நடக்காத ஒன்றை முன்னால் வைத்துப் பேசுபவை என்பது விளங்கும். அதற்கு மாறாக, ‘என்ஜாய்’, ‘ஃபினிஷ்’, ‘கீப்’, ‘டினை’ போன்றவை நடந்துவிட்ட அல்லது நடந்துகொண்டிருக்கும் செயலைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுபவை. கையில் எடுக்க அது ஒரு பொருளாக, அதாவது பெயராக இருக்க வேண்டும் என்பதால் ‘இங்’ வடிவம் வருகிறது. அமெரிக்க மொழியியலாளர் டுவைட் போலிங்கர் 1968-இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, ‘இங்’ செயலை ஒரு பொருளாக்குகிறது, இன்ஃபினிட்டிவ் அதை நிகழக்கூடிய ஒன்றாக நிறுத்துகிறது என்ற கருத்தை முன்வைத்தார்.

இரண்டு வடிவங்களையும் ஏற்று இரண்டு பொருள் தரும் வினைகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. ‘ஷி ஃபர்காட் டு லாக் தி டோர்’ என்றால் அவர் கதவைப் பூட்ட மறந்தார். கதவு திறந்தே கிடக்கிறது. ‘ஷி ஃபர்காட் லாக்கிங் தி டோர்’ என்றால் அவர் கதவைப் பூட்டியதை மறந்தார். பூட்டிய கதவை, பூட்டினோமா என்ற ஐயத்தோடு திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிறார். ‘பூட்ட மறந்தார்’ என்பதற்கும் ‘பூட்டியதை மறந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தைக்கு யாரும் கற்பிப்பதில்லை; அது தாய்மடியிலேயே வந்துவிடுகிறது. எச்சத்துக்கு எச்சமும் பெயருக்குப் பெயருமாக ஆங்கிலத்திலும் அதே பாகுபாடு இருக்கும்போது, அதைப் புதிய விதியாகச் சொல்லி மாணவரை அச்சுறுத்துவதில் பொருளில்லை. ‘ரிமெம்பர்’ என்பதும் இப்படியே: ‘ரிமெம்பர் டு போஸ்ட் தி லெட்டர்’ என்பது கடிதத்தை அஞ்சலில் சேர்க்க மறக்காதே என்ற நினைவூட்டல்; ‘ஐ ரிமெம்பர் போஸ்டிங் தி லெட்டர்’ என்பது சேர்த்தது நினைவிருக்கிறது என்ற உறுதிமொழி.

‘டிரை’ என்ற வினைக்குத் தமிழ் தரும் விளக்கம் எந்த இலக்கண நூலின் விளக்கத்தையும் விடத் தெளிவானது. ‘ஹி டிரைட் டு ஓப்பன் தி விண்டோ’ என்றால் அவர் சன்னலைத் திறக்க முயன்றார். சன்னல் இறுகியிருக்கலாம், திறக்காமலே போயிருக்கலாம். ‘ஹி டிரைட் ஓப்பனிங் தி விண்டோ’ என்றால் சன்னலைத் திறந்து பார்த்தார்; சன்னல் திறந்துவிட்டது, புழுக்கம் குறைகிறதா என்பதே அவர் சோதித்தது. தமிழின் ‘பார்’ என்னும் துணைவினை, செய்து முடித்த செயலின் மேல் ஏறி நின்று அதன் பயனைச் சோதிக்கிறது. ‘டிரை’ என்பதோடு ‘இங்’ சேரும்போது ஆங்கிலம் செய்வதும் அதுவே. தொடக்கத்தில் கண்ட ‘ஸ்டாப்’ என்பதற்கும் தமிழில் விடை உண்டு: ‘நில்’, ‘நிறுத்து’ என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தமிழ் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டிருக்க, ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறது. தேநீர் குடிக்க நிற்பதற்கு ‘டு’, குடிப்பதை நிறுத்துவதற்கு ‘இங்’.

எல்லா வினைகளும் இந்த நியாயத்துக்குக் கட்டுப்படும் என்று சொல்ல முடியாது. ‘சஜஸ்ட்’, ‘கன்ஸிடர்’, ‘போஸ்ட்போன்’ ஆகியவை இன்னும் நடக்காத செயலைப் பற்றியே பேசினாலும் ‘இங்’ வடிவத்தையே ஏற்கின்றன; செயலை ஒரு யோசனைப் பொருளாக எதிரில் வைத்துப் பார்க்கும் வினைகள் என்று விளக்கம் சொல்லலாம் என்றாலும், அது பின்னால் தேடிக் கண்ட விளக்கமே. ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’, ‘கன்டினியூ’ ஆகியவை பொருள் அதிகம் மாறாமல் இரண்டையும் ஏற்கின்றன. இத்தகைய சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியவை சில என்பதற்கும் எல்லாமே மனப்பாடம் என்பதற்கும் நடுவே கற்பவரின் உழைப்பில் பெரிய இடைவெளி இருக்கிறது.

முன்வினைக்கும் இன்ஃபினிட்டிவுக்கும் நடுவே இன்னொருவர் வந்து நிற்கும் வாக்கியங்களில் தமிழ் ஓரிடத்தில் கை கொடுக்கிறது, வேறோரிடத்தில் காலை வாருகிறது. ‘ஷி டோல்ட் ஹிம் டு கம்’ என்பது ‘அவனை வரச் சொன்னாள்’ என்பதன் அச்சு. வரப்போகிறவன் அவனே என்றாலும் இரண்டு மொழிகளிலும் அவன் செயப்படுபொருளாகவே நிற்கிறான். ஆனால் ‘ஷி வான்ட்ஸ் ஹிம் டு கம்’ என்பதற்கு நேரான அமைப்பு தமிழில் இயல்பாக இல்லை. ‘அவன் வர வேண்டும் என்று விரும்புகிறாள்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ‘என்று’ ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ‘ஷி வான்ட்ஸ் தட் ஹி ஷுட் கம்’ என்று தமிழர் பேச்சில் வெளிவருகிறது. ‘மேக்’, ‘லெட்’ ஆகிய வினைகள் இதற்கு நேர்மாறான தவற்றுக்கு இடம் தருகின்றன. ‘என்னைக் காத்திருக்க வைத்தார்’ என்பதிலுள்ள ‘காத்திருக்க’ என்ற எச்சத்துக்கு நேராக ஒரு ‘டு’ வைத்து ‘ஹி மேட் மி டு வெய்ட்’ என்று சொல்லத் தோன்றும். சரியானது ‘ஹி மேட் மி வெய்ட்’. அதே வாக்கியம் செயப்பாட்டு வினையாக மாறும்போது விடுபட்ட ‘டு’ திரும்பி வந்துவிடுகிறது: ‘ஐ வாஸ் மேட் டு வெய்ட்’. ‘சீ’, ‘ஹியர்’ ஆகிய புலன் வினைகளுக்கும் இதே வழக்கம் உண்டு. ‘ஹெல்ப்’ என்பதில் ‘டு’ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இன்ஃபினிட்டிவில் செய்பவர் பெயர் ஏறுவதில்லை என்பதால், செய்பவர் யார் என்பதைக் கேட்பவர் முன்வினையைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ‘ரவி பெர்ஸ்வேடட் மாலா டு கோ’ என்றால் போகப்போகிறவர் மாலா. ‘ரவி பிராமிஸ்ட் மாலா டு கோ’ என்றால் போகப்போகிறவர் ரவி. வளர்ந்தவர்கள் எண்ணிப் பாராமலே கடந்துவிடும் இந்த வேறுபாடு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே எளிதில் வசப்படுவதில்லை என்பதை அமெரிக்க மொழியியலாளர் கேரல் சாம்ஸ்கி காட்டினார். 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை அவர் 1969-இல் நூலாக வெளியிட்டார். கண்கள் கட்டப்பட்ட பொம்மை ஒன்றைக் குழந்தையின் முன் வைத்து, ‘இஸ் தி டால் ஈஸி டு சீ ஆர் ஹார்ட் டு சீ?’ என்று கேட்டபோது, பொம்மையைப் பார்ப்பது எளிதா என்ற அக்கேள்வியை, பொம்மையால் பார்க்க முடியுமா என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டு, கடினம் என்று விடை சொன்ன இளங்குழந்தைகள் உண்டு. ‘டு சீ’ என்ற இரண்டு சொற்களுக்குள், பார்ப்பவர் யார், பார்க்கப்படுவது யார் என்ற இவ்வளவு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. தாய்மொழியினரே ஆண்டுக்கணக்கில் முட்டி மோதிக் கற்பதை, பள்ளியில் கற்கும் தமிழ் மாணவர் ஒரு பாடவேளையில் கற்கவில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது.

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தும் வேறான ஒரு ‘டு’வைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதிலுள்ள ‘டு’ இன்ஃபினிட்டிவின் பகுதி அன்று. அது இன்றளவும் திசை காட்டும் இடைச்சொல்லாகவே நிற்கிறது. இடைச்சொல்லுக்குப் பின் பெயர் வர வேண்டும் என்பதால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே சரி. தமிழர் எழுதும் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் ‘டு மீட் யூ’ அங்கே பொருந்தாது. ‘யூஸ்ட் டு கோ’ என்பது முன்பெல்லாம் போய்வந்த வழக்கத்தையும், ‘இஸ் யூஸ்ட் டு கோயிங்’ என்பது போய்ப் போய்ப் பழகிவிட்ட நிலையையும் சொல்வதற்கும் காரணம் இதுவே. ஐயம் வந்தால், ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கலாம்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்’ என்று வைக்க முடிந்தால், அங்கே வினையும் ‘இங்’ உடையை உடுத்திக்கொண்டுதான் வர வேண்டும்.

‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் நுழையலாமா என்ற பழைய வழக்கு ஒன்றும் உண்டு. 1864-இல் வெளிவந்த தம் நூலில் ஹென்றி ஆல்ஃபோர்டு என்னும் ஆங்கிலப் பாதிரியார் அப்படி நுழைப்பதைக் குறைகூறினார். பின்னர் அந்தக் கண்டனம் பள்ளி விதியாக இறுகியது. லத்தீனில் இன்ஃபினிட்டிவ் பிரிக்க முடியாத ஒரே சொல் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1926-இல் எச். டபிள்யூ. ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு நூலில் இந்த அச்சத்துக்கு அடிமையாக வேண்டியதில்லை என்று வாதாடினார். 1966-இல் ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் தொடரின் முன்னுரையில் ‘டு’வுக்கும் ‘கோ’வுக்கும் நடுவே ‘போல்ட்லி’ என்ற சொல் துணிந்து நின்றது. பொருள் தெளிவாக இருந்தால் நுழையலாம் என்பதே இன்றைய நிலை. தமிழ்நாட்டு வகுப்பறையில் இதற்காகச் சிவப்பு மையைச் செலவழிக்கத் தேவையில்லை.

வினையின் பொருளை அறிந்தால் போதாது, அது எந்த வடிவத்தை அழைத்துவரும் என்பதையும் அறிய வேண்டும் என்ற எண்ணத்தை அகராதிக்குள் கொண்டுவந்தவர்களுள் ஒருவர், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. அவரும் இரு துணைவர்களும் உருவாக்கி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி, ஆங்கில வினைகளை 25 அமைப்புகளாக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் அதன் அமைப்பு எதுவென்று குறித்தது. 1948-இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று மாணவர் கையில் புழங்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழிவந்ததே. வேற்றுமொழி மாணவர்களோடு பழகிய ஆசிரியர் என்பதால்தான், தாய்மொழியினர் கண்ணுக்குப் படாத இந்தத் தேவை அவர் கண்ணுக்குப் பட்டது. தமிழ் மாணவர்களோடு நாள்தோறும் பழகும் ஆங்கில ஆசிரியர்கள், பட்டியலை எழுதிப் போடுவதற்கு முன், ‘பூட்ட மறந்தார்’, ‘பூட்டியதை மறந்தார்’ என்ற இரண்டு தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.